லூக்கா 3110

செவ்வாய்க்கிழமை காலை ஏழு அடிக்கப் பத்து நிமிடம்.

கிராடிமிர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், கீழே அடுமனையிலிருந்து வாங்கி வந்த புரெக் என்ற நெய் அடை இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நெய்ப் பிசுக்கு காகிதத்தைத் தாண்டி மேஜை விரிப்பில் இறங்க, அவர் மனைவி லெபோசவா வழக்கமான பல்லவியைத் தொடங்கினாள்.

“தட்டுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு இந்த வீட்டுல? நேத்துதான் துவைச்சேன்!”

“துவைச்சது காயறதுக்குள்ள இன்னொரு தரம் துவைக்கலாம்ல,” என்றார் கிராடிமிர், வாய் நிறைய மாவோடு. செர்பியாவின் நிஷ் நகரப் பேருந்தில் முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்த மனிதர். பயணிகளின் சண்டைக்கும் மனைவியின் சண்டைக்கும் ஒரே முகத்தோடு பதில் சொல்லப் பழகியவர்.

மகள் இஸ்க்ரா இருவரையும் கவனிக்கவில்லை. ஒரு கையில் தயிர்க் குவளை. மறு கை மேஜையில் வரிசையாக வைத்த காகிதங்களின் மேல். சுங்க அதிகாரி வேலைக்கு ஒன்பது இடங்கள். தேர்வு எழுதியவர்கள் முந்நூறு பேருக்கு மேல். பட்டியலில் ஒன்பதாவது பெயர் இஸ்க்ராவுடையது. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஆறு காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஐந்து கைக்கு வந்துவிட்டன. ஆறாவது, ‘இவர் மீது எந்த விசாரணையும் இல்லை’ என்று காவல்துறை தர வேண்டிய சான்று.

“இன்னிக்குப் போய் வாங்கிட்டா முடிஞ்சது,” என்றாள். “போலீஸ் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர்கள் மணி அடிக்கமாட்டார்கள். இரண்டு தட்டு தட்டிவிட்டு நேரே உள்ளே வந்துவிடுவார்கள்.

கதவைத் திறந்தார் கிராடிமிர். ஒரு பெண்மணியும், பின்னால் சீருடையில் இருவரும்.

“ஆய்வாளர் ரோசாண்டா,” என்றாள் அவள். “நீதிமன்ற உத்தரவு இருக்கு. மன்னிக்கணும், காலணியோடதான் உள்ள வர வேண்டியிருக்கு. இஸ்க்ராங்கிறது யாரு?”

இஸ்க்ரா எழுந்து நின்றாள். தயிர்க் குவளையைக் காகிதங்களுக்கு எட்டத்தில் வைத்தாள்.

“இந்த வீட்டு இன்டர்நெட் உங்க பேர்லதானே?”

“ஆமா. மாணவர் சலுகை கிடைக்குதுன்னு என் பேர்ல எடுத்தோம். ஏன்?”

ரோசாண்டா கையிலிருந்த தாளைப் பிரித்து, எந்த உணர்ச்சியும் காட்டாமல் படித்தாள். “‘உன் பையன் எந்த ஜன்னல் பக்கம் தூங்கறான்னு எனக்குத் தெரியும். இனி ஒரு தரம் வாயைத் திறந்தா…’ மிச்சத்தைச் சாப்பாட்டு மேஜையில படிக்க வேண்டாம். சின்னப் பையனை வச்சுக்கிட்டுத் தனியா இருக்கிற ஒரு அம்மாவுக்கு வந்தது. மூணு வாரத்துல ஏழு தடவை. ஏழும் இந்த வீட்டு இணைப்புல இருந்து போயிருக்கு.”

புரெக்கின் மணம் அறையில் அப்படியே நின்றது.

பிறகு லெபோசவா மட்டும், எதைச் செய்வதென்று தெரியாமல், “காபி போடட்டுமா?” என்றாள்.

இருபது நிமிடத்தில் மூன்று கைப்பேசிகளும் இஸ்க்ராவின் மடிக்கணினியும் முத்திரையிட்ட பைகளுக்குள் போயின. கிளம்பத் திரும்பிய ரோசாண்டா நடைவழியில் நின்றுவிட்டாள். நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி சட்டம் போட்டுத் தொங்கியது. சிவப்பு நூலில் பூவேலை. நடுவே எழுத்துகள்: ‘நல்வரவு! வைஃபை: லூக்கா3110.’

“இது என்ன?”

“நானே போட்டது. ஆறு வருஷம் ஆச்சு,” என்றாள் லெபோசவா. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு துளி பெருமை.

லூக்கா அந்தக் குடும்பம் தலைமுறையாக வணங்கும் காவல் புனிதர். முப்பத்தொன்று, பத்து என்பது அவர் திருநாளான அக்டோபர் முப்பத்தொன்று. அந்த நாளுக்கு யாரையும் அழைக்கிற வழக்கமில்லை. வருகிறவரைத் திருப்பி அனுப்புகிற வழக்கமும் இல்லை. மெழுகுவர்த்தி எரியும்வரை கதவு திறந்தே இருக்கும். வந்தவர்கள் வேகவைத்து இனிப்புச் சேர்த்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டு, சிலுவையிட்டு, உட்கார்ந்தவுடன் முதலில் கேட்பது ராகியா என்ற பழச்சாராயம்; அடுத்தது பாஸ்வேர்டு. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் லெபோசவா ஊசியைக் கையில் எடுத்தாள். சொல்லப்போனால் அந்தத் துணிகூடத் தேவையில்லை. நிஷ் நகரத்தில் ஒரு வீட்டின் புனிதர் யார் என்று தெரிந்தால் பாதி வீடுகளின் பாஸ்வேர்டு தெரிந்த மாதிரி.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?” என்றாள் ரோசாண்டா.

“யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க. அதுதான் சுலபம்.”

“அப்போ போன திருநாளுக்கு வந்தவங்க பேரை எழுதிக் குடுங்க. அடிக்கடி வர்றவங்க பேரையும்.”

அதுவரை சுவரோடு சாய்ந்து நின்ற கிராடிமிர் நிமிர்ந்தார். “மாட்டேன்.”

“என்ன?”

“என் புனிதரோட மேஜையில உக்காந்து சாப்பிட்டவங்க பேரை போலீஸுக்குப் பட்டியல் போட்டுத் தர மாட்டேன். எங்கப்பா தரமாட்டாரு. நானும் தரமாட்டேன்.”

“ஐயா, இந்த வழக்கு திறந்திருக்கிற வரைக்கும் உங்க பொண்ணுக்கு அந்தச் சான்று கிடைக்காது. வெள்ளிக்கிழமை கெடுன்னு மேஜையில இருக்கிற தாளிலேயே போட்டிருக்கு.”

இஸ்க்ரா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

படியிறங்கும்போது சீருடைக்காரர்களில் ஒருவன் திரும்பி, “முதல்ல அந்த பாஸ்வேர்டை மாத்துங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான். கதவு மூடியதும் இஸ்க்ரா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கிராடிமிர் கையமர்த்தினார்.

“இன்னிக்குப் போலீஸ் வந்துட்டுப் போயிருக்கு. இன்னிக்கே மாத்தினா என்ன அர்த்தம்? கட்டடத்துல இருக்கிற எல்லாரையும் சந்தேகப்படறோம்னு அர்த்தம். நாளைக்கு எந்த முகத்தோட படியிறங்கறது? வேண்டாம்.”

*

மாலை நாலரை. இஸ்க்ரா தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தாள்.

இரண்டு தட்டு. கதவு திறந்தது. “கூமே! உங்க வீட்டுக் காபி வாசனை படியிறங்கி வந்து காதைப் பிடிச்சு இழுக்குது!”

வூகாஷின். ஒரு மாடி கீழே வீடு, கட்டடத்துக்குப் பின்னால் டயர் பட்டறை. கிராடிமிரின் கூம். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மோதிரம் எடுத்துக் கொடுத்தவன், இஸ்க்ராவை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திப் பிடித்தவன். அந்த ஊரில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். கூமும் கூமும் அடித்துக்கொண்டால் ஊர் சிலுவை போட்டுக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக நாலரை மணிக் காபியை வூகாஷின் தவறவிட்டதே இல்லை.

நடந்ததை லெபோசவா கண்ணீரும் கரண்டியுமாகச் சொல்லி முடித்தாள். வூகாஷின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

“இஸ்க்ரா பேர்லயா? லைன் அவ பேர்லயா இருக்கு?”

“ஆமாண்டா.”

“பேரு எதுவும் குடுத்தியா?”

“ஒரு பேரும் குடுக்கல.”

வூகாஷின் நீளமாக மூச்சு விட்டான். பிறகு மேஜையைத் தாண்டிக் கையை நீட்டி கிராடிமிரின் தோளை அழுத்தினான். “இதுக்குத்தாண்டா நீ என் கூம். விருந்தாளியைக் காட்டிக் குடுக்கிற நாக்கெல்லாம் நாக்கா? பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல!”

லெபோசவா இரண்டாவது காபியை ஊற்றினாள். வூகாஷின் கைப்பேசியை எடுத்தான். “ஒரு நிமிஷம். குளிர்கால டயருக்கு ஒருத்தன் உயிரை வாங்கறான்.” தடித்த கட்டை விரலால் எதையோ தட்டினான். நேரம் எடுத்துத் தட்டினான். முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

*

புதன்கிழமை காலை இஸ்க்ரா காவல் நிலையத்தில் ரோசாண்டாவின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“எட்டாவது வந்திருக்கு,” என்றாள் ரோசாண்டா. “நேத்து சாயங்காலம். நாலு மணி நாற்பது நிமிஷம். அதே பொய்ப்பேர்க் கணக்கு, அதே உங்க வீட்டு இணைப்பு.”

“ஆனா எங்க போன் எல்லாம் உங்ககிட்ட…”

“அதான் சொல்றேன். எழுதினது நீ இல்ல, உங்க அப்பா அம்மா இல்லன்னு நான் நம்பறேன். என் நம்பிக்கை மேல முத்திரை குத்திச் சான்றுன்னு தர முடியாதும்மா. எழுதினவன் யாருன்னு தெரியணும்.” தன் முன்னாலிருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தாள். “நேத்து எங்க ஆளு சொல்லிட்டுத்தானே வந்தான்? இன்னும் மாத்தலையா?”

“அப்பா வேண்டாம்னாரு. பக்கத்து வீட்டுக்காரங்க மனசு நோகும்னு…”

ரோசாண்டா அவளையே பார்த்தாள். “அந்த அம்மா மனசு?”

சோதித்து முடித்த லெபோசவாவின் பழைய கைப்பேசியை மட்டும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இன்டர்நெட் வருகிற அந்தச் சின்ன ரூட்டர் பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த முகவரியைக் கைப்பேசியில் அடித்தாள். உள்ளே நுழைவதற்கான சொல் கம்பெனி கொடுத்தபடியே, பெட்டியின் அடியிலேயே எழுதியிருந்தது. அதையும் மாற்றினாள். லூக்காவை அழித்தாள். எந்தப் புனிதரும் எந்தத் தேதியும் இல்லாத, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களையும் சில எண்களையும் சேர்த்து நீளமாக ஒன்றை வைத்தாள். விருந்தாளிகளுக்கென்று தனியாக ஓர் இணைப்பைத் திறந்து, அதை அணைத்தும் வைத்தாள். தேவைப்படும் நாளில் திறந்துகொள்ளலாம். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

பதினோராவது நிமிடம் கதவு தட்டப்பட்டது.

“லெபா! நம்ம வைஃபை செத்துப்போச்சுடி!” மேல்மாடி ஸ்டோயங்கா, கையில் மாவுக் கரண்டியோடு. “நாடகத்துல அவன் தன் சொந்த அண்ணன்தான்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிக்கப் போற நேரம்! கல்யாணத் துணியோட நிக்கறா திரையில, அசையவே மாட்டேங்கறா!”

“நம்ம வைஃபையா?” என்றாள் லெபோசவா, முதன்முதலாக அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவள்போல.

“பாஸ்வேர்டை மாத்திட்டோம் அத்தை,” என்றாள் இஸ்க்ரா.

“அப்படியா? சரி, புதுசு என்ன? சொல்லு, ஓடணும்.”

“இனிமே யாருக்கும் சொல்றதில்ல.”

ஸ்டோயங்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “அப்போ நான் திருடியா? ஆறு வருஷமா உன் வீட்டுத் திருநாளுக்கு மொத ஆளா வந்து கோதுமை இடிச்சுக் குடுக்கிறேனே, நான் திருடியா?”

அவள் படியேறிப் போகும்போதே எதிர்வீட்டு திஹோமிர் கதவைத் திறந்தார். கட்டணம் கட்டிய வாடிக்கையாளர் மாதிரி இடுப்பில் கை. “இவ்வளவு நாள் ஒழுங்கா ஓடிட்டிருந்தது. என்னத்தைப் பண்ணீங்க?”

அடுத்து வந்தவனை மூவருக்குமே தெரியவில்லை. வீட்டுச் செருப்போடு நின்றான்.

“நீங்க யாரு?” என்றார் கிராடிமிர்.

“அடுத்த வாசல்ங்க. உங்க லூக்கா எங்க படுக்கையறையில நல்லா வருவாரு. மத்தியானத்துல இருந்து காணோம். அதான் உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு…”

இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒன்பது பேர். சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள், ஒருத்தி மட்டும் ‘தேவலை, நல்ல காரியம் செஞ்சீங்க’ என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொரு தட்டுக்கும் கிராடிமிர் ஒரு விரற்கடை குறுகிப்போனார்.

“பார்த்தியா?” என்றார், பயறு சூப்பில் ரொட்டியை நனைத்தபடி. “முப்பது வருஷம் சேர்த்த மரியாதை ஒரே மத்தியானத்துல போச்சு.”

இஸ்க்ரா கரண்டியை வைத்தாள். “அப்பா, எட்டாவது மிரட்டல் நேத்து சாயங்காலம் போயிருக்கு. நாலு நாற்பதுக்கு. நம்ம போன் எல்லாம் போலீஸ்ல இருக்கும்போது.”

“நாலு நாற்பதா?” என்றாள் லெபோசவா. “அப்போ நான் ரெண்டாவது காபி ஊத்திட்டிருந்தேன்…” கரண்டியிலிருந்து சூப் சொட்டுச் சொட்டாக விரிப்பில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

கிராடிமிர் தலையை வேகமாக ஆட்டினார். “இல்ல. இல்லவே இல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புக்காரன் இருக்கான். மேல ஒருத்தி, எதிர்ல ஒருத்தன். ஒன்பது பேருப்பா! அதுல எவனாவது…”

“அந்த ஒன்பது பேரும் வந்து கேட்டாங்க அப்பா. சண்டை போட்டாங்க. பயம் இல்லாதவங்கதான் வந்து கேப்பாங்க.” இஸ்க்ராவின் குரல் தாழ்ந்தது. “இருபத்திரண்டு வருஷமா நாலரைக்கு வர்றவரு இன்னிக்கு காபிக்கே வரல.”

கிராடிமிர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூப் ஆறிப்போயிற்று.

*

வியாழக்கிழமை காலை பட்டறையில் வூகாஷின் அடுப்புக்கு முன் குந்தியிருந்தான். வெட்டிய பழைய டயர்த் துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். தகரப் புகைபோக்கியிலிருந்து தார் மாதிரி கரும்புகை எழுந்து, எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியை மூடியது. அங்கே ஒரு ஜன்னல் மட்டும் உள்பக்கம் போர்வையால் அடைக்கப்பட்டிருந்தது.

பட்டறை வாசலில் வந்து நின்ற கிராடிமிரின் கண் சுவரில் ஆணியடித்த காகிதத்தில் விழுந்தது. நகராட்சி அறிவிப்பு. ‘புகையினால் குழந்தையின் மூச்சுத்திணறல் அதிகமாவதாகப் புகார் அளித்தவர்: யாஸ்னா, ஆசிரியை. விசாரணை: புதன்கிழமை.’

“நேத்து காபிக்கு வரல,” என்றார்.

“வேலைடா கூமே. டிசம்பர் பிறந்தா எல்லாவனுக்கும் டயர் ஞாபகம் வரும்.”

“நெட்டு போனதையும் கேக்கல. ஊரே வந்து கேட்டுச்சு.”

வூகாஷின் கையிலிருந்த துண்டை அடுப்பில் போடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அந்த ஜன்னல்தானே?” என்றார் கிராடிமிர்.

வூகாஷின் அந்தத் துண்டை அடுப்புக்குள் வீசினான். “சும்மா பயமுறுத்தினேன். கை வச்சேனா? கிட்ட போனேனா? பட்டறையை மூடிட்டா நான் எங்கடா போவேன்? அந்தப் பொம்பள காகிதத்து மேல காகிதமா எழுதறா…”

“என் வீட்டு லைன்ல எதுக்குடா?”

“உன்னை யாருடா சந்தேகப்படுவா? முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஒரு புகார் இல்லாதவன். உன் பேரு சுத்தம். அதான்.”

கிராடிமிர் அடுப்புக்கு அருகிலிருந்த டயரின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

“லைன் இஸ்க்ரா பேர்ல இருக்கு.”

“சத்தியமா எனக்குத் தெரியாது! செவ்வாய்க்கிழமை நீ சொன்னப்புறம்தான்…”

“சொன்னப்புறம்தாண்டா எட்டாவதை அனுப்பினே. என் மேஜையில உக்காந்து. அவ அம்மா ஊத்தின காபியைக் குடிச்சுக்கிட்டு.”

“மறுநாள் விசாரணை. அவ வாயை அடைக்க வேற வழி தெரியல. நீதான் பேரு எதுவும் குடுக்கலன்னியே…” வூகாஷின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அதுலதான் தைரியம் வந்துச்சு.”

அந்தக் கடைசி வார்த்தை கிராடிமிரின் நெஞ்சில் போய் இறங்கியது. பெருமை என்று நினைத்துக் காத்த மௌனம், மேஜைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு மிரட்டலாக மாறியிருக்கிறது. தன் கையாலேயே தைரியம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

“நீயா போய்ச் சொல்லிடு,” என்றார். “அவளைத் தொட்டியில தூக்கிப் பிடிச்சவன் நீ. ரெண்டு மணி வரைக்கும் பார்ப்பேன்.”

இரண்டு மணிவரை படிக்கட்டில் காலடி ஓசை கேட்கவில்லை. இரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் கிராடிமிர் கோட்டை மாட்டிக்கொண்டார். முப்பது வருடம் தான் ஓட்டிய பேருந்தில் அன்று பயணியாக ஏறினார். காவல் நிலையத்தில் ரோசாண்டா நீட்டிய தாளில் ஒரே ஒரு பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார்.

ரோசாண்டா பெயரைப் படித்தாள். “செவ்வாய்க்கிழமையே பட்டியல்ல இந்தப் பேரைக் குடுத்திருந்தா வெள்ளிக்கிழமைக்குக் காகிதம் வந்திருக்கும்,” என்றாள். திட்டவில்லை. அதனாலேயே அதிகம் வலித்தது.

அன்று மாலையே வூகாஷினின் கைப்பேசி கைப்பற்றப்பட்டது. அழித்துவிட்டதாக அவன் நினைத்த கணக்கு அதிலேயே இருந்தது. ஒப்புக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நண்பகல், சுங்க அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன் ஐந்து காகிதங்களோடு நின்றாள் இஸ்க்ரா. உள்ளே இருந்த அலுவலர் பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துப் பட்டியலில் பத்தாவது பெயரை அழைத்தாள்.

ஆறாவது காகிதம் திங்கட்கிழமை காலை வந்தது.

இஸ்க்ரா கத்தவில்லை, அழவுமில்லை. அந்தக் காகிதத்தை அப்பா முன்னால் வைத்தாள்.

“கூம் மனசு, பக்கத்து வீட்டு மனசு, புனிதர் மனசு, எல்லாத்தையும் யோசிச்சீங்க அப்பா. அந்த ரெண்டு நாள்ல என்னை யோசிக்க நேரம் கிடைக்கல.”

கிராடிமிர் காகிதத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நான் ஒரு வீட்டுக்குப் போகணும்,” என்றார். “தனியா போக தைரியமில்லை. வர்றியா?”

*

எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி. கிராடிமிர் மணி அடித்தார். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதென்று கையில் ஒரு பொட்டலம் காபித்தூள், ஒரு டப்பா பிஸ்கட்.

கதவுச் சங்கிலி விலகவில்லை. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

“நான் கிராடிமிர். அந்த… அது வந்த லைன் எங்க வீட்டுது. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

சங்கிலி விலகுவதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. யாஸ்னாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்ணுக்குக் கீழே அறுபது வயதுக் கருமை. பொட்டலத்தை வாங்கவில்லை. நடைவழியில் ஒரு சின்ன மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கிராடிமிர் அதைப் பார்த்தார்.

“இருபத்து மூணு நாள் என் பையன் இங்கதான் படுத்தான்,” என்றாள். “இந்த வீட்டுல ஜன்னல் இல்லாத இடம் இது ஒண்ணுதான்.”

“நான் எழுதலம்மா…”

“தெரியும். போலீஸ் சொன்னாங்க. நீங்க எழுதல. கூப்பிட்டு உக்கார வச்சு காபி குடுத்தீங்க, அவ்வளவுதான்.” இஸ்க்ராவின் பக்கம் திரும்பினாள். “உனக்கு வேலை போச்சாமே?”

“போச்சு. அடுத்த தேர்வு ஏப்ரல்ல. திரும்ப எழுதணும்.”

“பாஸ்வேர்டை மாத்திட்டியா?”

“மாத்திட்டேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

இஸ்க்ரா தயங்கினாள். “ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷம்,” என்று யாஸ்னா தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு கிராடிமிரை நேராகப் பார்த்தாள். வகுப்பில் பேசுகிற குரல், சத்தமே இல்லாமல்.

“உங்க பேரு தைச்ச கோட்டு ஒண்ணை வாசல்ல மாட்டி வச்சுட்டு, வர்றவன் போறவன் எல்லாம் போட்டுக்கிட்டுப் போகட்டும்னு ஆறு வருஷம் விட்டுட்டீங்க. அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் என் பையன் ஜன்னல்கிட்ட வந்து நின்னான். உள்ள இருந்த ஆளை நான் பார்க்க முடியல. கோட்டு மட்டும்தான் தெரிஞ்சது. உங்க பொண்ணு பேரு தைச்ச கோட்டு.” மூச்சு விட்டுத் தொடர்ந்தாள். “வர்றவங்களுக்குச் சாப்பாடு போடுங்க. காபி குடுங்க. வைஃபையும் குடுங்க, யாரு வேண்டாங்கறா? ஆனா அவங்க கிளம்பிப் போனதும் பாஸ்வேர்டை மாத்துங்க. யாரும் சுலபமா யூகிக்க முடியாததா மாத்துங்க. அது யார் மேலயும் சந்தேகப்படறது ஆகாது. உங்க வீட்டுல இருந்து என்ன வெளியே போனாலும் அதுக்கு நீங்கதான் பொறுப்பு. நம்ம கதவை நாம பூட்டாம விட்டா, கஷ்டப்படறது நாம மட்டும் இல்ல.”

கிராடிமிர் தலையசைத்தார்.

யாஸ்னா அப்போதுதான் அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கினாள். “உக்காருங்க. காபி வைக்கிறேன்.” சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தவள் நின்றாள். “எங்க வீட்டுப் பெட்டியும் வாங்கின நாள்ல இருந்து அப்படியேதான் இருக்கு. எப்படி மாத்தறதுன்னு எனக்கும் தெரியாது. மாத்திக் குடுத்துட்டுப் போறியாம்மா?”

இஸ்க்ரா பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருந்த முகவரியை யாஸ்னாவின் கைப்பேசியில் அடித்தாள். புதிய சொல் கேட்கும் இடம் வந்ததும் கைப்பேசியை அவளிடமே நீட்டினாள்.

“இதை நீங்கதான் அடிக்கணும். எங்களுக்குத் தெரியக் கூடாது.”

தந்தையும் மகளும் ஒரே நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.